சிவப்பைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்: வரிபோட்ட நாவாய்ப்பூச்சிகளைப் பிரித்தறிவது

பருத்திக் காய் வெடிக்கத் தொடங்கியதும் என் செல்பேசிக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். எல்லாப் படத்திலும் ஒரு சிவப்புப் பூச்சி, அதன் முதுகில் கொஞ்சம் கறுப்பு. கூடவே ஒரே கேள்வி: "என்ன மருந்து அடிக்கலாம்?" பூச்சியின் பெயரை யாரும் கேட்பதில்லை. சிவப்பாக இருந்தால் பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சிதான் என்று ஊரே முடிவு செய்து வைத்திருக்கிறது. அந்தப் படங்களில் சில, அதே நாவாய்ப்பூச்சியைக் குத்தி உறிஞ்சிக் கொல்லும் இன்னொரு பூச்சியின் படங்கள். வேறு சில பருத்திக்கே சம்பந்தமில்லாதவை. வரப்போரத்து எருக்கிலிருந்து வழி தவறி வந்தவை.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். முதன்முதலாக வெண்டைப் பாத்தியில் பூச்சி எண்ணக் கற்றுக்கொண்ட காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிவப்புப் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் உதிர்த்துக் கணக்கு எழுதினேன். மாலையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது பதினோரு பூச்சிகளின் வயிற்றில் வெள்ளை வரியே இல்லை. எனக்குக் கூலியில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த பதினோரு வேட்டைக்காரர்களை நானே மூழ்கடித்திருந்தேன்.

இந்த அத்தியாயத்தின் சாரம் இதுதான்: நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் பூச்சி உலகத்தில் "என்னைத் தின்னாதே" என்ற பொது அறிவிப்புப் பலகை. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பூச்சிகள்கூட அதே பலகையை மாட்டிக்கொண்டு திரிகின்றன. ஒருமுறை ஒரு கசப்பான சிவப்புப் பூச்சியைக் கடித்துத் துப்பிய பறவை அடுத்த சிவப்பைத் தொட யோசிக்கும். அந்த யோசனையின் பலன் எல்லாச் சிவப்புக்கும் போய்ச் சேருகிறது. பறவையை ஏமாற்ற வந்த உடை நம்மையும் ஏமாற்றுகிறது.

முதலில் இது நாவாய்ப்பூச்சிதானா?

முதுகைப் பாருங்கள். நாவாய்ப்பூச்சியின் முன்னிறக்கையில் முன்பாதி தோல்போல் தடித்தும் பின்பாதி சவ்வுபோல் மெலிந்தும் இருக்கும். இறக்கைகளை மடித்து உட்காரும்போது அந்தச் சவ்வுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும். அப்போது முதுகில் ஒரு பெருக்கல் குறி தெரியும். வண்டுக்கு அப்படி இல்லை. அதன் இரண்டு இறக்கை மூடிகளும் நடு முதுகில் கதவுபோல் நேர்கோட்டில் சந்திக்கும்.

இது வெறும் ஏட்டுப் பாடம் அல்ல. வெண்டைப் பூவிலும் பருத்திப் பூவிலும் கறுப்பும் ஆரஞ்சுச் சிவப்பும் பட்டை பட்டையாக மாறி வரும் ஒரு பூச்சி உட்கார்ந்து இதழைத் தின்னும். அது கொப்புள வண்டு. வெறும் விரலால் நசுக்கினால் அதன் உடல் நீர் பட்ட இடத்தில் தோல் கொப்புளித்துவிடும். பெருக்கல் குறி இல்லாத வரிப்பூச்சியைக் கையால் தொடாதீர்கள்.

அடுத்து உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள். இந்த அத்தியாயத்து நாவாய்ப்பூச்சிகள் எல்லாவற்றுக்கும் நான்கே கணு. கேடயம்போல் அகன்ற உடலும் ஐந்து கணுவும் இருந்தால் அது கேடயப்பூச்சி. அதை வேறு இடத்தில் பார்ப்போம்.

நெற்றியைப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அந்த மாதிரி மடக்கு லென்ஸ் போதும். இந்த அத்தியாயத்துக்கு வேறு கருவி எதுவும் தேவையில்லை.

பூச்சியின் தலையில் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்பவை கூட்டுக்கண்கள். அவற்றுக்கு இடையே, சற்றுப் பின்தள்ளி, உச்சந்தலையில் கடுகைவிடச் சின்னதாக இரண்டு பளபளப்பான மணிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அவையும் கண்கள்தான். ஒளி உண்டா இல்லையா என்று மட்டும் அறியும் எளிய கண்கள். இவற்றைக் குட்டிக்கண் என்றே சொல்லிக்கொள்வோம்.

பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கும் அதன் உறவினர்களுக்கும் குட்டிக்கண் கிடையாது. உச்சந்தலை வழவழவென்று மொட்டையாக இருக்கும். எருக்கம் பூச்சிகளுக்கு இரண்டு மணிகளும் உண்டு. வெயிலில் லென்ஸைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பளிச்சிடும். முக்கால்வாசிக் குழப்பம் இந்த ஓர் இடத்திலேயே தீர்ந்துவிடும். மொட்டைத் தலை ஒரு பக்கம், மணித் தலை ஒரு பக்கம் என்று பூச்சிகளை இரண்டு குவியலாக்குங்கள்.

சந்தேகம் இருந்தால் இறக்கைச் சவ்வின் நரம்புகளைப் பாருங்கள். மணித் தலை எருக்கம் பூச்சியின் சவ்வில் நான்கைந்து நரம்புகள் கிளை பிரியாமல் எளிமையாக ஓடும். மொட்டைத் தலைக்காரர்களின் சவ்வில் நரம்புகள் அதிகம். அடியில் சின்ன அறைகளாக மூடி, அங்கிருந்து கிளைத்துப் போகும். ஆனால் சவ்வு கறுப்பாக இருப்பதால் வயலில் இதைப் பார்ப்பது சிரமம். இறந்த பூச்சி கிடைத்தால் இறக்கையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

மொட்டைத் தலைக் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1891இல் ஹெர்மன் ஹென்கிங் என்ற ஜெர்மானியர் இக்குடும்பத்து ஐரோப்பியப் பூச்சி ஒன்றின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பாதி விந்தணுக்களில் மட்டும் கூடுதலாக ஒரு துணுக்கு இருந்தது. அது என்னவென்று புரியாததால் எக்ஸ் என்று குறித்து வைத்தார். இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் எக்ஸ் குரோமோசோமுக்குப் பெயர் வந்த கதை அது.

அரைஞாண் கட்டியது

இப்போது மொட்டைத் தலைக் குவியலுக்கு வருவோம். அதில் பெரும்பாலானவை பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சியாகவே இருக்கும். அறிவியல் பெயர் டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ். பேரினத்தின் பெயரைவிட இரண்டாவது பெயர்தான் நமக்கு உதவும். சிங்குலம் என்றால் லத்தீனில் இடுப்புப் பட்டை. சிங்குலேட்டஸ் என்றால் பட்டை கட்டியது, நம் பேச்சில் அரைஞாண் கட்டியது.

பூச்சியைக் கண்ணாடிப் பாட்டிலில் விட்டுப் பாட்டிலை உயர்த்தி அடியிலிருந்து பாருங்கள். சிவந்த வயிற்றின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளை வரிகள், சுண்ணாம்பால் கோடு போட்டதுபோல் இருக்கும். இதுதான் இதன் அடையாள அட்டை. மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால், கழுத்துத் தகட்டின் முன்னோரத்தில் ஒரு வெள்ளைக் காலர் தெரியும். அதற்குப் பின்னே கறுத்த முக்கோணம், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு கறுப்புப் பொட்டு, நுனியில் கறுத்த சவ்வு. நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். ஆணைவிடப் பெண் பெரிது.

முதுகுப் பொட்டை மட்டும் நம்பாதீர்கள். அது சிலவற்றில் பெரிதாகவும் சிலவற்றில் மங்கலாகவும் இருக்கும். தோலுரித்து வெளிவந்த புதிதில் பூச்சி முழுவதும் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கறுப்பு ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் எடுத்த படத்தை அனுப்பி "புது இனம் வந்திருக்கிறது" என்று என்னைப் பதற வைத்தவர்கள் உண்டு.

இதன் இரட்டைச் சகோதரன் டிஸ்டெர்கஸ் கோனிகை. இரண்டுக்கும் 1775இல் பெயரிட்டவர் ஒருவரே, வகைப்பாட்டியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர் ஃபப்ரீஷியஸ். கோனிகை என்ற பெயரின் பின்னால் நிற்பவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக், அவரும் லின்னேயஸின் மாணவர். டேனியர்களின் தரங்கம்பாடியில் மருத்துவராக வந்து செடியும் பூச்சியும் சேகரித்தவர். நம் ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரிலும் இதே கோனிகை உண்டு. தாளிப்பில் ஒரு கோனிகை, பருத்திக் காயில் ஒரு கோனிகை.

இந்த இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். நிறம் இரண்டிலும் மாறும். உறுதியாகச் சொல்ல ஆணின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் "டிஸ்டெர்கஸ், இனம் உறுதியில்லை" என்று எழுதுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. உழவருக்கு இந்த வேறுபாடு தேவையும் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி வாழ்கின்றன, ஒரே மாதிரி கெடுக்கின்றன.

கெடுப்பது எப்படி? பூச்சி பஞ்சைத் தின்பதில்லை, அதற்கு வேண்டியது விதை. ஊசி அலகைக் காய்க்குள் செலுத்தி விதையின் சாற்றை உறிஞ்சும்போது அந்தத் துளை வழியே பூஞ்சை உள்ளே போகிறது. பஞ்சு பழுப்பாகவும் மஞ்சளாகவும் கறைபடும். அப்படிக் கறை ஏற்படுத்தும் பூஞ்சைகளில் ஒன்றான எரெமோதீசியம் காசிப்பியைத்தான் இன்று பெரிய தொட்டிகளில் வளர்த்து வைட்டமின் பி2 எடுக்கிறார்கள். பருத்தி வியாபாரி முகம் சுளிக்கும் அதே மஞ்சள், மாத்திரையில் ஏறி மருந்துக் கடைக்கு வருகிறது.

எங்கே தேடுவது என்று கேட்டால் பருத்திக்கு முன்னால் பூவரசைச் சொல்வேன். பூவரசங்காய் உதிர்ந்து கிடக்கும் மரத்தடியில் சருகைக் கிளறினால் பெரிதும் சிறிதுமாகக் கூட்டம் கூட்டமாக ஓடும். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய எல்லோரும் இந்தப் பூச்சியைப் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. வெண்டை, செம்பருத்தி, துத்தி, புளிச்சை, இலவம் என்று பருத்தியின் உறவுக்காரச் செடிகள் எல்லாவற்றிலும் இது இருக்கும். வாலோடு வால் ஒட்டியபடி இரண்டு பூச்சிகள் எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் அது புணர்ச்சி. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் அப்படியே திரியும்.

வயிற்றில் வரியில்லாத சிவப்பு

இனி அந்தப் பதினோரு பூச்சிகளின் கதை. ஆன்டிலோக்கஸ் கோக்பெர்ட்டி என்பது அதன் பெயர். மொட்டைத் தலைக் குடும்பத்தையே சேர்ந்தது. அதே சிவப்பு, அதே கறுத்த சவ்வு, அளவும் கிட்டத்தட்ட அதே, சில சமயம் சற்றுப் பெரிது. ஆனால் இது தாவரச் சாற்றை விட்டுவிட்டுத் தன் பங்காளிகளையே தின்னும் பூச்சி. டிஸ்டெர்கஸ் எங்கே கூட்டம் போடுகிறதோ அங்கேயே இதுவும் இருக்கும். ஆட்டு மந்தைக்குள் அதே தோலைப் போர்த்திய ஓநாய் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரிக்கும் வழி எளிது. வெள்ளைக் காலர் இல்லை. இறக்கையில் கறுப்புப் பொட்டு இல்லை. வயிற்றில் வெள்ளை வரி இல்லை. மூன்றும் இல்லாத முழுச் சிவப்பு என்றால் கையை எடுத்துவிடுங்கள். லென்ஸில் பார்த்தால் முன்னங்காலின் தொடை தடித்து, அடிப்புறத்தில் சின்னச் சின்ன முள்ளோடு இருக்கும். இரையைப் பிடித்து அமுக்க அது வேண்டும்.

நடத்தையும் காட்டிக்கொடுக்கும். இரண்டு சிவப்புப் பூச்சிகள் ஒட்டியிருந்தால் எந்த முனை எதோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். வாலும் வாலும் என்றால் கல்யாணம். ஒன்றின் அலகு மற்றதன் உடலில் செருகியிருந்தால் சாப்பாடு. டிஸ்டெர்கஸும் தோலுரிக்கும்போது மாட்டிக்கொண்ட தன் கூட்டாளியை உறிஞ்சுவது உண்டு. அதனால் அலகைப் பார்த்த பின்பும் வயிற்று வரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை வேட்டைக்காரர்களும் சிவப்பு கறுப்பில் வருவார்கள், கொலையாளிப் பூச்சிகள் எனப்படும் ரைனோகோரிஸ் கூட்டம். இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. பக்கவாட்டில் பாருங்கள். தாவரம் உறிஞ்சும் பூச்சியின் அலகு வயிற்றோடு ஒட்டி நேராக மடிந்திருக்கும். கொலையாளிப் பூச்சியின் அலகு குட்டையாக, தலைக்கடியில் அரிவாள்போல் வளைந்து, இடையே ஒரு சந்து தெரிய நிற்கும். கண்ணுக்குப் பின்னால் தலை ஒடுங்கிக் கழுத்துப்போல் நீளும். இவற்றை ஆராய்வதற்கே பாளையங்கோட்டையில் ஒரு பூச்சியியல் ஆய்வுப் பிரிவை நடத்தியவர் டன்ஸ்டன் அம்புரோஸ். 1999இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் இந்தப் பூச்சிகளைப் பற்றியதே. ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் என்ற ஒரே இனத்திலேயே வயிற்றோரம் கறுப்பாக உள்ளவை, சிவப்பாக உள்ளவை, இரண்டும் கலந்தவை என்று மூன்று தோற்றங்கள் உண்டு. நிறத்தை நம்பாதீர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கையால் பிடிக்க வேண்டாம். இதன் குத்து தேள்கடி அளவு இல்லாவிட்டாலும் நன்றாகவே உறைக்கும்.

எருக்கஞ்செடிக்காரர்கள்

மணித் தலைக் குவியலில் வரிகள் வேறு மாதிரி. டிஸ்டெர்கஸுக்கு வயிற்றில் குறுக்கு வரி, இவற்றுக்கு முதுகில் நெடுக்கு வரி. கழுத்துத் தகட்டில் முன்னிருந்து பின்னாக இரண்டு பட்டையான கறுப்புக் கோடுகள் நெளிந்து இறங்கினால் ஸ்பைலோஸ்டெத்தஸ் கூட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். எருக்கங்காய் வெடித்துப் பஞ்சோடு விதை தெரியும் நேரத்தில் தேடினால் ஏமாற்றம் இருக்காது.

நம்மூரில் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு, பாண்டுரஸும் ஹாஸ்பெஸும். இரண்டும் சிவப்பு, இரண்டிலும் இறக்கைக்கு ஒரு கறுப்புப் பொட்டு, இரண்டும் ஒரே எருக்கில்கூட உட்காரும். பிரிக்கும் இடம் இறக்கை நுனியின் சவ்வு. பாண்டுரஸின் கறுத்த சவ்வு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டோடும் ஓரத்தில் வெள்ளைக் கரையோடும் இருக்கும். சவ்வுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் மேலிருந்து பார்க்கும்போது ஒரே பொட்டாகத் தெரியும். ஹாஸ்பெஸின் சவ்வு நடுவில் பொட்டில்லாத கறுப்பு. இதை நினைவில் வைக்க நான் சொல்லிக்கொள்வது: பாண்டுரஸ் பொட்டு வைத்தது. பகரத்துக்குப் பகரம். சிறுபிள்ளைத்தனமான சூத்திரம்தான், ஆனால் வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

எருக்கம்பால் பட்ட கண் என்ன பாடுபடும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாலிலும் விதையிலும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. ஸ்பைலோஸ்டெத்தஸ் அதை உண்டு செரிப்பதோடு நிற்காமல் உடலில் சேமித்தும் வைக்கிறது. இதன் சிவப்பு வெறும் பூச்சாண்டி அல்ல, உள்ளே சரக்கு இருக்கிறது.

எருக்கு மட்டுமா என்றால், இல்லை. பாண்டுரஸ் அரளியிலும் இருக்கும், சூரியகாந்தியிலும் எள்ளிலும் வந்து விதையை உறிஞ்சும். அதனால் செடியை வைத்து மட்டும் பெயர் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் செடியை எழுதாத குறிப்பு அரைக் குறிப்புதான். எழுதும்போது செடியின் பெயரிலும் கவனம் வேண்டும். ஒருமுறை ஒருவர் பருத்தியில் எருக்கம் பூச்சி பெருகிவிட்டதாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. போய்ப் பார்த்தால் வேலியில் படர்ந்த வேலிப்பருத்தி. உத்தாமணி என்றும் அதற்குப் பெயர். பெயரில்தான் பருத்தி இருக்கிறது, குலம் எருக்கின் குலம். பூச்சி சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

இதே சாயலில் சின்னதாக, ஒரு சென்டிமீட்டரை எட்டாத ஒரு பூச்சி சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கொடியிலோ கடற்கரை அடம்பங்கொடியிலோ இருந்தால் கிராப்டோஸ்டெத்தஸ் செர்வஸாக இருக்கலாம். குட்டிக்கண் உண்டு. கொடிதான் இங்கே முதல் துப்பு.

இடையில் புகுபவை

இன்னும் சில பூச்சிகள் இந்தக் குழப்பத்துக்குள் அவ்வப்போது நுழையும். காட்டோர ஊர்களில் இரவு விளக்குக்கு ஒரு பெரிய செம்பழுப்புப் பூச்சி வரும். இறக்கைக்கு ஒரு பொட்டு அல்ல, இரண்டு: நடுவில் பெரிய வட்டம், நுனிப்பக்கம் சின்னது. இது ஃபைசோபெல்டா. மொட்டைத் தலைதான், ஆனால் வயிற்றில் சுண்ணாம்பு வரி இல்லை. பூந்திக்கொட்டைக் குடும்பத்து மரங்களின் அடியில் ஒல்லியான முழுச் சிவப்புப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஊர்ந்தால் லெப்டோகோரிஸ். ஆன்டிலோக்கஸ் என்று நினைத்து மகிழ்ந்துவிடாதீர்கள், தலையில் மணி இருக்கும். பருத்திக் காய்க்குள் அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக, கரும்பழுப்பு உடலும் கண்ணாடி இறக்கையுமாக மொய்ப்பது ஆக்சிகரீனஸ். அதை யாரும் சிவப்புப் பூச்சியோடு குழப்புவதில்லை. ஆனால் அறுவடைப் பஞ்சோடு போய் அரைபட்டுக் கறை ஏற்படுத்தும்போது பழி சிவப்புப் பூச்சியின் மேல் விழுகிறது.

மிரிட் எனப்படும் மென்மையான செடிப்பூச்சிகளுக்கும் தலை மொட்டைதான். அவற்றின் இறக்கையில் தோல்பகுதி முடியும் இடத்தில் ஆப்புப்போல் ஒரு துண்டு தனியாக மடிந்திருக்கும். அந்த ஆப்பைக் கண்டால் இந்த அத்தியாயத்தை மூடிவிடலாம்.

குஞ்சுகள்

கடினமான பகுதி இது. நாவாய்ப்பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஐந்து பருவம் கடந்து, ஐந்தாவது தோலுரிப்பில் இறக்கையோடு வெளிவரும். அதுவரை இறக்கை இல்லை, சவ்வு இல்லை, பொட்டு இல்லை. மேலே சொன்ன பல அடையாளங்கள் பயன்படாது. அதே நேரம் வயலில் நாம் அதிகம் பார்ப்பது குஞ்சுகளைத்தான்.

அப்போது நடு முதுகைப் பாருங்கள். குஞ்சுகளின் வயிற்று முதுகில் நாற்றச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக, பெரும்பாலும் கருந்திட்டாகத் தெரியும். டிஸ்டெர்கஸ் குடும்பத்துக்கு மூன்று, எருக்கம் பூச்சிகளுக்கு இரண்டு. டிஸ்டெர்கஸ் குஞ்சுகள் வளர வளர வயிற்றில் வெள்ளைத் திட்டுகளும் தலைகாட்டும். முதல் இரண்டு பருவங்களில் லென்ஸுக்கும் சிரமம்தான். மூன்றாம் பருவத்திலிருந்து முயற்சி செய்யுங்கள்.

நிச்சயமான வழி வளர்த்துப் பார்ப்பதுதான். அகன்ற வாய்ப் பாட்டிலில் ஈர மணல் ஒரு விரல் உயரம், ஊறவைத்த பருத்தி விதையோ வெண்டை விதையோ நாலைந்து, ஈரப் பஞ்சு ஒரு துண்டு. வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். குஞ்சுகள் விதையைச் சீண்டாமல் ஒன்றையொன்று துரத்தினால் நீங்கள் வளர்ப்பது ஆன்டிலோக்கஸாக இருக்கலாம்.

பாட்டிலில் காகிதம் விரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 1960களின் நடுவில் செக் நாட்டு விஞ்ஞானி கரேல் ஸ்லாமா தன் சிவப்பு நாவாய்ப்பூச்சிகளை அமெரிக்காவின் ஹார்வர்டுக்குக் கொண்டுபோனார். பிராகாவில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அங்கே முதிர்ச்சி அடையவே இல்லை. ஐந்தாம் பருவம் முடிந்து ஆறாவது பருவக் குஞ்சாகிச் செத்தன. அவரும் அங்கிருந்த விஞ்ஞானி கரோல் வில்லியம்ஸும் தீவனம், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கடைசியில் பாட்டிலில் போட்ட காகிதத்தில் வந்து நின்றார்கள். அமெரிக்கக் காகிதம் செய்யப் பயன்பட்ட பால்சம் ஃபர் மரத்தில் பூச்சியின் இளமைச் சுரப்பைப் போன்ற ஒரு பொருள் இருந்தது. நியூயார்க் டைம்ஸ் தாளை விரித்தபோது பூச்சி முதிரவில்லை, லண்டன் டைம்ஸை விரித்தபோது முதிர்ந்தது. 1965இல் இது வெளிவந்தது. அடுத்த ஆண்டே நம் டிஸ்டெர்கஸ் கோனிகையிலும் அதே விளைவு காட்டப்பட்டது. நான் மணலோடு நிறுத்திக்கொள்கிறேன். பெண் பூச்சி முட்டையிடவும் ஈர மண்தான் வேண்டும்.

படம் எடுக்கும் முறை

ஓடும் பூச்சியைத் துரத்திக்கொண்டு படம் எடுக்காதீர்கள். பாட்டிலில் பிடித்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வையுங்கள், உறைபெட்டியில் வேண்டாம். குளிரில் மந்தமாகிவிடும், சாகாது. வெள்ளைத் தாளில் கவிழ்த்து மூன்று படம் எடுங்கள்: முதுகு, வயிறு, தலை. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். நாலாவதாக, உட்கார்ந்திருந்த செடி இலையோடும் காயோடும். எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை முதுகுப் படங்களே. வயிற்றைக் காட்டாத படத்தைப் பார்த்து நான் பதில் சொல்வதில்லை என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் கறார்தான்.

வயலில் டிஸ்டெர்கஸ் என்று உறுதியானால், செடியைச் சாய்த்துச் சோப்புக் கரைசல் உள்ள அகன்ற பாத்திரத்தில் தட்டி உதிர்ப்பது பழைய முறை, இன்றும் சின்ன வயலுக்கு அது போதும். காலை நேரத்தில் மந்தமாக இருக்கும்போது செய்யுங்கள். உதிர்க்கும் முன் கூட்டத்தில் முழுச் சிவப்பு ஏதேனும் கலந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

ஒரு பயிற்சி. வெண்டைத் தோட்டம், முற்றி வெடித்த காய் ஒன்றில் ஏழு சிவப்புப் பூச்சிகள். ஐந்துக்கு வெள்ளைக் காலர் இருக்கிறது. ஆறாவது வெளிறிய ஆரஞ்சு, பொட்டு இல்லை, பக்கத்தில் உரித்த தோல் ஒன்று கிடக்கிறது. ஏழாவது முழுச் சிவப்பு, கொஞ்சம் தள்ளிக் காம்பில் தனியாக நிற்கிறது. ஆறாவதைப் பாட்டிலில் போட்டு மாலைவரை காத்திருங்கள். கறுப்பு ஏறிப் பொட்டும் அரைஞாணும் தெளிவாகத் தெரிந்தால் மற்ற ஐந்தோடு சேர்த்துக்கொள்ளலாம். ஏழாவதைப் பாட்டிலில் எடுத்து அடியிலிருந்து பாருங்கள். வயிற்றில் வரியில்லை, உச்சந்தலையில் மணியும் இல்லை என்றால், எடுத்த அதே காம்பில் திரும்ப விட்டுவிடுங்கள்.